காலடியைப் படித்த வேட்டைக்காரர்

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் ஊர் எல்லையைத் தாண்டிப் போனால் முனியப்பன் இருப்பார். உருட்டி விழிக்கும் கண். முறுக்கிய மீசை. கையில் அரிவாள். பல ஊர்களில் அவருக்குக் கூரைகூடக் கிடையாது. வெயிலையும் மழையையும் தலையில் தாங்கிக்கொண்டு, பெரிய பெரிய பாதங்களை ஊன்றி உட்கார்ந்திருப்பார்.

அவருக்குப் பொங்கல் வைப்பார்கள். சேவல் அறுப்பார்கள். சுருட்டு வைப்பதும் உண்டு. பொழுது சாய்ந்ததும் எல்லோரும் வீடு திரும்பிவிடுவார்கள்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், வைத்துவிட்டு வந்த சோறு இருக்காது. பக்கத்து மணலில் ஏதோ ஒரு காலடி மட்டும் பதிந்திருக்கும்.

வந்தது யார்? முனியா? நரியா? காட்டிலிருந்து இறங்கிய கரடியா?

பயந்தவர் அந்தக் காலடியை இரண்டாம் முறை பார்க்கமாட்டார். ஓட்டம் பிடிப்பார். ஆனால், காலடியைக் கண்டதும் மண்டியிட்டு உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளை பாடம் படிப்பதுபோல அதைப் படித்த மனிதர் ஒருவர் பழைய சேலம் ஜில்லாக் காடுகளில் சுற்றி வந்தார். வந்தது எந்த மிருகம், எப்போது வந்தது, எந்தக் காலில் ஊனம் என்றெல்லாம் மண்ணைப் பார்த்தே அறியப் பழகியவர் அவர்.

அவர்தான் கென்னத் ஆண்டர்சன்.

ஆறு தலைமுறை இந்தியர்

பெயரைப் பார்த்து, கப்பலேறி வந்த துரை என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்டர்சனின் முன்னோர்கள் ஸ்காட்லாந்து நாட்டுக்காரர்கள். ஆனால் அந்தக் குடும்பம் ஆறு தலைமுறையாக இந்தியாவிலேயே வேரூன்றிவிட்டது.

1910-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி, செகந்திராபாத்தை அடுத்த பொலாரம் என்ற இடத்தில் அவர் பிறந்தார். தந்தை ராணுவத்தாருக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் அலுவலகத்தில் அதிகாரி. அவருக்கு வேட்டை என்றால் உயிர். தந்தையின் ஆசை மகனையும் தொற்றிக்கொண்டது.

பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும், செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் ஆண்டர்சன் படித்தார். பிறகு சட்டம் படிக்க ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகருக்கு அனுப்பினார்கள். மகன் வக்கீலாகித் திரும்புவான் என்று குடும்பம் எதிர்பார்த்தது. மகனோ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்! முன்னோர் பிறந்த நாடு அவரைப் பிடித்து வைக்கவில்லை. தென்னாட்டுக் காடு இழுத்துக்கொண்டது.

காட்டை மட்டும் நம்பினால் வயிறு நிறையுமா? தபால் தந்தி இலாகாவில் 15 ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்து, திட்டப் பிரிவில் மானேஜராக உயர்ந்தார்.

ஆகவே, வேட்டை அவருடைய தொழில் அல்ல. அவர் வன இலாகா அதிகாரியும் அல்ல. விடுமுறை கிடைத்தால் போதும். துப்பாக்கியைத் தூக்கித் தன் ஸ்டூடிபேக்கர் காரில் போட்டுக்கொள்வார். கார் தெற்கே பறக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளில் போய் நிற்கும்.

அந்த ஊர்களெல்லாம் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தவை. 1965-ல் தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1997-ல் நாமக்கல் பிரிந்தது. 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆண்டர்சனின் பழைய கதைகளில் சேலம் ஜில்லா என்று வருவது, இந்த நான்கு மாவட்டங்களும் ஒன்றாக இருந்த பெரிய ஜில்லாதான்.

அவருக்குத் தமிழும் தெரியும், கன்னடமும் தெரியும். அதனால் மாடு மேய்க்கும் பையனிடமும் பேசுவார். மலைவாசிக் கிழவரிடமும் பேசுவார். காட்டு விஷயம் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது என்பதை அவர் சீக்கிரமே தெரிந்துகொண்டார்.

மண்ணே புத்தகம்

ஒகேனக்கல்லில் காவிரியோடு வந்து கலக்கும் சின்னாற்றை நம்மில் பலர் பார்த்திருக்கலாம். கோடையில் தண்ணீர் வற்றி மணலாகக் கிடக்கும். அந்த மணல்தான் ஆண்டர்சனின் பள்ளிக்கூடம். அங்கே அவருக்குக் கூட்டாளிகள் உண்டு. பூசாரி என்ற மலைச்சாதியைச் சேர்ந்த பைரா ஒருவர். பென்னாகரத்து ரங்கா இன்னொருவர். இருவரையும் பற்றித் தம் நூல்களில் வாஞ்சையோடு எழுதியிருக்கிறார். காட்டில் துரை என்ன, கூலி என்ன? அதிகம் தெரிந்தவனே குரு!

காலடியில் அப்படி என்ன எழுதியிருக்கும்?

நாயின் தடத்தில் நகம் தெரியும். புலி, சிறுத்தையின் தடத்தில் நகம் தெரியாது. நடக்கும்போது அவை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆண் புலியின் பாதத் தடம் சதுரமாக இருக்கும். பெண் புலியின் தடம் சற்று நீண்டு, ஒடுங்கியிருக்கும். வேட்டைக்காரர்கள் பரம்பரையாகப் பார்த்துவந்த அடையாளம் இது.

தடத்தின் ஓரம் கூர்மையாக நின்றால் அது புதிது. ஓரம் சரிந்து, மேலே பூச்சி ஊர்ந்த கோடு இருந்தால் பழையது. தடத்துக்குள் பனித்துளி விழுந்த புள்ளி இருந்தால், பனி பெய்வதற்கு முன்பே மிருகம் போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு கால் மட்டும் லேசாகப் பதிந்திருந்தால், அந்தக் காலில் காயம்!

யானையின் கதை இன்னும் வேடிக்கையானது. அதன் முன்னங்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து அளக்க வேண்டும். அந்த நீளத்தை இரண்டால் பெருக்கினால், ஏறக்குறைய யானையின் உயரம் வந்துவிடும். யானையை நேரில் பார்க்காமலே அதன் உயரத்தைச் சொல்லிவிடலாம்! பென்னாகரம் பக்கத்தில் பனப்பட்டி என்ற இடத்தில் மனிதர்களைக் கொன்று திரிந்த ஓர் ஒற்றை யானையை ஆண்டர்சன் சுட்டிருக்கிறார். அதையும் தம் முதல் நூலில் எழுதியிருக்கிறார்.

தடத்தைப் படித்த பிறகு அடுத்த வேலை, காத்திருப்பது. மிருகம் வரும் பாதையில் ஓர் எருமைக் கன்றைக் கட்டுவார்கள். பக்கத்து மரத்தில் பரண் அமைத்து ஏறிக்கொள்வார்கள். இருமக்கூடாது. புகை பிடிக்கக்கூடாது. கொசு கடித்தாலும் கை அசையக்கூடாது. ஓர் இரவில் வராது. இரண்டாம் இரவும் வராமல் போகலாம். கட்டிய கன்றுக்குத்தான் பாவம், தன் விதி தெரியாது.

கும்மளாபுரத்துப் பேய்

இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தளிக்கு அருகே கும்மளாபுரம் என்ற ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த ஊர் மக்கள் பொழுது சாய்வதற்குள் கதவை அடைத்துக்கொண்டார்கள். கதவுக்கு வெளியே முள்ளை வெட்டிப் போட்டார்கள். அவசரத்துக்குக்கூட ஒருவரும் வெளியே வரவில்லை. எல்லாம் வீட்டுக்குள்ளேயேதான். ஊரே நாறியது. ஆனாலும் ஒருவருக்கும் வெளியே கால் வைக்கத் தைரியம் இல்லை.

காரணம், ஒரு சிறுத்தை! சுற்று வட்டாரத்தில் அது 42 பேரைக் கொன்றது என்று ஆண்டர்சன் கணக்குச் சொல்கிறார். பரணுக்கு அடியில் இரை கட்டினால் அது வராது. கதவு பலமாக இருந்தால் வேறு வழியாக வீட்டுக்குள் நுழையும். இது மிருகம் அல்ல, பேய் என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பேய் என்று முடிவு கட்டினால் பிறகு என்ன செய்ய முடியும்? கதவை அடைத்துக்கொண்டு கும்பிடத்தான் முடியும்.

ஆண்டர்சன் அந்த ஊருக்கு வந்தார். பீதி பிடித்த மக்கள் அவருக்கு அதிகம் உதவ முடியவில்லை. அவருக்கு உதவியது ஒரு தெரு நாய்!

பசியோடு வந்து நின்ற அந்த நாய்க்கு அவர் கொஞ்சம் தின்னக் கொடுத்தார். அவ்வளவுதான். அது அவரை விட்டு அகலவில்லை. இரவில் அவர் சிறுத்தைக்காகக் காத்திருந்தபோது அதுவும் கூடவே இருந்தது. மனிதக் காதுக்கு எட்டாத ஓசை நாய்க்கு எட்டியது. அது உறுமியது. ஆண்டர்சன் உஷாரானார். சிறுத்தை பாய்ந்தது. துப்பாக்கி வெடித்தது. ஆனால் காயத்தோடு அது தப்பிவிட்டது.

காயம்பட்ட சிறுத்தையைப் பின்தொடர்வது போல ஆபத்தான காரியம் வேறு இல்லை. ஒரு புதர் மறைவு போதும், அது மேலே விழ. பொழுது விடிந்ததும் ஆண்டர்சன் கிளம்பினார். நாய் முன்னே மோப்பம் பிடித்துப் போனது. மறைந்திருந்த இடத்தையும் காட்டிக்கொடுத்தது. இன்னொரு வெடி. பேயின் ஆட்டம் முடிந்தது.

செத்த சிறுத்தையைப் புரட்டிப் பார்த்தார். அதன் முன் பாதத்தில் முள்ளம்பன்றியின் முட்கள் ஒடிந்து, விரல்களுக்கு இடையே புதைந்து கிடந்தன!

காலில் முள் தைத்த சிறுத்தையால் மானைத் துரத்திப் பிடிக்க முடியுமா? முடியாது. பசியோ விடாது. ஓட முடியாத மிருகத்துக்கு, வேகமாக ஓடத் தெரியாத ஓர் உயிர் வேண்டும். அது மனிதன்தான். நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களில் ஒப்பாரி விழுந்ததற்குக் காரணம் சாபம் அல்ல. பில்லி சூனியம் அல்ல. பாதத்தில் தைத்த முள்!

அந்த நாய் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதை நிப்பர் என்று பெயர் வைத்து ஆண்டர்சன் தம்மோடு அழைத்துப்போனார். ஒரு வாய் உணவுக்கு அது ஓர் உயிரைத் திருப்பிக் கொடுத்திருந்தது.

துணையை இழந்த புலி

தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஜவளகிரி என்ற ஊர். அங்கே நடந்தது வேறு விதம். ஒரு புலியும் ஒரு பெண் புலியும் ஜோடியாகத் திரிந்த காலம். மனிதர்கள் ஆண் புலியைச் சுட்டுவிட்டார்கள். பெண் புலி துணையைத் தேடிக் காடெங்கும் உறுமிக்கொண்டு அலைந்தது. அதையும் ஒருவர் சுட்டார். அது சாகவில்லை. காயத்தோடு ஓடியது. அதன் பிறகுதான் அது மனிதரைக் கொல்லத் தொடங்கியது.

ஆண்டர்சன் அதைத் தேடிப் பல நாள் அலைந்தார். கடைசியில் ஆண் புலி தன் துணையை அழைக்கும் குரலைப்போலத் தாமே குரல் கொடுத்தார். பெண் புலி அந்தக் குரலை நம்பி வந்தது. வந்த இடத்தில் குண்டு காத்திருந்தது.

பல ஊர்களின் துயரம் அதோடு தீர்ந்தது. ஆனால் ஆண்டர்சன் அதைப் பெரிய வெற்றியாக மார்தட்டவில்லை. அந்தப் புலியை ஆட்கொல்லியாக்கியவன் மனிதன் என்பதை மறைக்காமல் எழுதினார். அவருடைய எழுத்தில் நம் மனத்தைத் தொடும் இடம் இதுதான். இறந்த மனிதருக்காகவும் வருந்துகிறார். இறந்த மிருகத்துக்காகவும் வருந்துகிறார்.

1939 முதல் 1966 வரை அரசாங்கப் பதிவேடுகளின்படி அவர் சுட்ட ஆட்கொல்லிச் சிறுத்தைகள் 8, ஆட்கொல்லிப் புலிகள் 7. இவற்றுக்கு மேலும் சுட்டிருப்பார் என்று பேச்சு உண்டு.

உலகத்தின் பெரிய காலடி

சேலம் ஜில்லாவில் ஆண்டர்சன் தடம் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில், உலகமே வேறு ஒரு காலடியைப் பற்றிப் பேசியது.

1951-ல் எரிக் ஷிப்டன் என்ற மலையேறும் வீரர் இமயமலைப் பனியில் ஒரு பெரிய காலடியைப் போட்டோ எடுத்தார். இவர் இலங்கையில் பிறந்தவர். அது எட்டி என்ற பனிமனிதனின் காலடி என்று பத்திரிகைகள் எழுதின. 1958-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாக் காட்டில் அதைவிடப் பெரிய காலடிகள் தென்பட்டன. அந்த நாட்டார் அந்தப் பிராணிக்குப் பெருங்கால் என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். இன்றும் அங்கே அதைத் தேடுகிறவர்கள் உண்டு. காட்டில் பழம், பண்டம், பொம்மை எல்லாம் பரிசாக வைத்துவிட்டு வருகிறார்கள். காலையில் போய், பரிசு இருக்கிறதா, பக்கத்தில் காலடி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முனியப்பனுக்குப் படையல் வைக்கும் நமக்கு இது ஒன்றும் விசித்திரமாகத் தோன்றாது!

உண்மை என்ன? கலிபோர்னியாவில் காலடி பதித்தவர் ஒரு கான்டிராக்டர். மரத்தில் செய்த பெரிய பாதங்களைக் கட்டிக்கொண்டு நடந்தாராம். 2002-ல் அவர் இறந்த பிறகு அவருடைய குடும்பத்தாரே அதை வெளியிட்டார்கள்.

இமயமலை விஷயம் அப்படி ஏமாற்று வேலை அல்ல. ஆனால் அங்கும் பனிமனிதன் அகப்படவில்லை. எட்டியின் எலும்பு, மயிர், தோல் என்று காட்டப்பட்ட 9 பொருள்களை விஞ்ஞானிகள் பரிசோதித்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. எட்டு கரடியுடையவை. ஒன்று நாயுடையது!

கரடியா என்று வியக்க வேண்டாம். கரடியின் பின்னங்கால் தடம் மனிதன் காலடியைப் போலவே இருக்கும். குதிகாலும் உண்டு, ஐந்து விரலும் உண்டு. முன்கால் தடத்தின்மேல் பின்கால் விழுந்தால் தடம் இன்னும் நீளமாகும். பனியில் பதிந்தால் வெயிலில் உருகி மேலும் பெரிதாகும். நம் பக்கத்துக் காடுகளிலும் கரடி உண்டு. அதன் தடத்தைப் பார்த்துவிட்டு, மனிதன் நடந்தான் என்றோ முனி நடந்தது என்றோ சொன்னால் அதில் ஆச்சரியம் இல்லை.

ஆண்டர்சன் அமானுஷ்யத்தை அடியோடு மறுத்தவரும் அல்ல. தம்மால் விளக்க முடியாத அனுபவங்கள் சிலவற்றைத் தம் நூல்களில் எழுதியிருக்கிறார். ஆனால் ஓர் ஊரின் உயிர் ஊசலாடும்போது பேய் என்ற பதிலோடு அவர் திருப்தி அடையவில்லை. மண்ணைப் பார்த்தார். தடத்தைப் பார்த்தார். பாதத்தில் இருந்த முள்ளையும் பார்த்தார்.

துப்பாக்கி போய்க் காமிரா

1954-ல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளும் ஓர் ஒற்றை யானையும் என்பது அதன் பெயரின் பொருள். அதைத் தொடர்ந்து பல நூல்கள் வந்தன. உலகத்தின் மூலை முடுக்குகளில் உள்ளவர்கள்கூட ஜவளகிரி, பென்னாகரம் என்ற பெயர்களை அவர் எழுத்தின் மூலம் அறிந்தார்கள். நம் ஊர்ப் பெயர் அங்கெல்லாம் போனது அதிசயம் அல்லவா?

வயது ஏற ஏற அவர் மனம் மாறியது. ஒரு காலத்தில் புலி உறுமிய காடுகளில் உறுமல் குறைந்துகொண்டே வந்ததை அவர் கண்ணாரக் கண்டார். மரம் போயிற்று. மான் போயிற்று. இரவில் ஜீப்பில் போய், விளக்கடித்துச் சுடுகிறவர்கள் பெருகினார்கள். ஆண்டர்சன் துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவைக் கையில் எடுத்தார். ஆயுதமே இல்லாமல் தனியே காட்டுக்குள் போய் உட்கார்ந்திருப்பதும் உண்டாம். தென்னாட்டில் வன விலங்குகளைக் காப்பாற்ற வேண்டும் என்று முன்னதாகவே குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

1972-ல் வன விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக் காலம் முடிந்தது. அடுத்த இரண்டு ஆண்டில், 1974 ஆகஸ்டு 30-ந் தேதி, பெங்களூரில் ஆண்டர்சன் காலமானார். அவருக்கு வயது 64. கடைசி நூல் அவர் மறைந்த பிறகே அச்சாகி வெளிவந்தது.

காடு இருக்கிறது

அவர் நடந்த காடு என்ன ஆயிற்று? முழுவதும் அழிந்துவிடவில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் ஒரு பகுதி 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஆயிற்று. அவர் பெயரிலேயே ஒரு சங்கம் இருக்கிறது. ஓசூர்ப் பக்கத்து மேலகிரிக் காடுகளைக் காக்க அது பாடுபடுகிறது.

தடம் பார்க்கும் முறையும் மாறிவிட்டது. நாட்டில் புலிகளை எண்ணுவதற்கு ஒரு காலத்தில் காலடியைத்தான் நம்பினார்கள். ஒரே புலியின் தடத்தை இரண்டு புலி என்று எண்ணிவிடும் தவறு அதில் நேர்ந்தது. இப்போது மரத்தில் காமிராவைக் கட்டிவிடுகிறார்கள். மிருகம் எதிரே வந்ததும் அது தானாகவே படம் பிடிக்கும். ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது. ஆகவே ஆள் மாறாட்டம் நடக்காது. ஆனால் அந்தக் காமிராவை எந்த மரத்தில் கட்டுவது? அதற்கு இன்றும் தரையில் காலடியைத்தான் தேடுகிறார்கள்!

இன்னொரு மாறுதலும் உண்டு. காட்டு மிருகத்துக்கு உணவு வைப்பது நன்மை அல்ல என்று இப்போது தெரிந்துவிட்டது. காட்டுப் பாதையில் போகிறவர்கள் குரங்குக்குப் பழமும் பிஸ்கட்டும் வீசுகிறார்கள். அன்பால்தான் செய்கிறார்கள். ஆனால் அதை எதிர்பார்த்துக் குரங்கு ரோட்டிலேயே உட்கார்ந்து வண்டியில் அடிபடுகிறது. உணவு தராதவர் மீது பாய்கிறது. காட்டுக்கு நாம் தரக்கூடிய பரிசு, அதை அதன் போக்கில் விட்டுவிட்டு வருவதே.

பிள்ளைகளோடு ஏரிக்கரையிலோ ஆற்று மணலிலோ நடக்கும்போது, புரியாத காலடி ஒன்று கண்ணில் பட்டால் பயந்து ஓட வேண்டாம். அதை மிதித்து அழிக்கவும் வேண்டாம். தூரத்தில் மிருகம் இல்லை என்று பார்த்துக்கொண்டு கொஞ்சம் குனியுங்கள். நகம் தெரிகிறதா? விரல் எத்தனை? ஒரு கால் லேசாகப் பதிந்திருக்கிறதா?

கும்மளாபுரத்து மக்கள் நடுங்கியது ஒரு பேய்க்கு. ஆண்டர்சன் கண்டது, முள் தைத்த ஒரு பாதம்.